விதை வாங்கப் போன எடத்துல மழை நோட்டு: ஒரு ஆராய்ச்சி நிலையம் பத்தின ரிவ்யூ

மதுரைல இருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்துல இருக்கற அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு போன மாசம் ரெண்டு தடவ போயிட்டு வந்தேன். மொத தடவ குதிரைவாலி விதை வாங்க, ரெண்டாவது தடவ அங்க பீரோல இருக்கற, தெனமும் பெஞ்ச மழைய எழுதி வச்ச பழைய நோட்டுகள பாக்க மட்டும். நிலையத்தோட பேர போடல, ஏன்னா எனக்கு ஒதவி பண்ணுனவங்களுக்கு என்னால ஒரு தொந்தரவு வந்துரக்கூடாது, அதோட கொஞ்சம் குறையும் சொல்லப்போறேன். ஆனா இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு. அங்க போற நூறு பேருக்கு விதை விக்கிற கவுண்ட்டர் தெரியும், அதுக்குப் பின்னாடி உள்ள ரூம்ல என்ன இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியறதில்ல.

நான் டி.கல்லுப்பட்டி பக்கம், கரிசக்காடு, முழுக்க மானாவாரி. மேலூர்க்காரங்களுக்கு பெரியாறு கால்வாய் இருக்கு, எப்ப தண்ணி தெறப்பாங்கன்னு பேப்பர் பாத்தா போதும். நமக்கு வானம்தான் கால்வாய். போன வருஷம் புரட்டாசில ஒரு மழை நல்லா பெஞ்சுச்சு, மண்ணு வாசத்த நம்பி மூணு ஏக்கர் குதிரைவாலி வெதச்சேன், அழகா மொளச்சு வந்துச்சு, அப்புறம் பத்தொன்பது நாள் ஒரு சொட்டு இல்ல. மொளச்சதெல்லாம் நுனி கருகி ஒன்னொன்னா சுருண்டு போறத தெனமும் காலைல போய் பாத்துட்டு வந்தேன். மறுபடி வெதைக்க விதையும் இல்ல, கைல காசும் இல்ல. அந்த வருத்தம் இன்னும் போகல, அதனாலதான் இந்த வருஷம் கேட்டுட்டு வெதைப்போம்னு கெளம்புனேன்.

மொதல்ல விதை பத்தி சொல்லிர்றேன். எம்டியு 1 குதிரைவாலி கேட்டேன், மதுரை வேளாண் கல்லூரி வெளியிட்ட ரகம். கவுண்ட்டர் பத்து மணிக்கு மேலதான் தெறக்கறாங்க, மத்தியானம் சாப்பாட்டுக்கு மூடிர்றாங்க, ஆவணி கடைசில போனா கூட்டம் அள்ளுது. நான் போன அன்னைக்கு கேட்ட அளவு ஸ்டாக் இல்லன்னு பாதிதான் குடுத்தாங்க. போன் அடிச்சு கேட்டப்ப இருக்குன்னாங்க, நேர்ல போனா இல்ல. இது சின்ன விஷயம் இல்ல, ரெண்டு பஸ் மாறி ஒரு நாள் வேலைய விட்டுட்டு வர்ற சம்சாரிக்கு பெரிய நஷ்டம். ஆனா குடுத்த விதை சுத்தம். வீட்டுக்கு வந்து ஈரச் சாக்குல நூறு விதைய எண்ணி வச்சு மொளைக்கப் போட்டேன், தொண்ணூத்தி மூணு மொளச்சுச்சு, டேக்ல போட்டுருந்த முளைப்புத்திறனுக்கு மேலயே. ரசீது போட்டு குடுத்தாங்க, பையில குவியல் எண், பரிசோதன பண்ணுன தேதி, எத்தன நாள் வரைக்கும் செல்லும்னு எல்லாம் இருக்கு.

அந்த டேக் கலர் நெறைய பேருக்கு தெரியறதில்ல, ஒரு வார்த்த சொல்லிக்கிறேன். மஞ்சள்னா வல்லுநர் விதை, ரகத்த உருவாக்குன ஆளுக நேரடி கண்காணிப்புல வந்தது. வெள்ளைன்னா ஆதார விதை, வல்லுநர் விதைல இருந்து பெருக்குனது. நீலம்னா சான்று விதை, சான்றளிப்புத் துறை பாத்து ஒப்புக்கிட்டது. பச்சைன்னா உண்மை நிலை விதை, தரத்துக்கு விக்கிறவங்களே பொறுப்பு. கடைல வாங்கும்போது கலர பாருங்க, டேக்க கிழிச்சுப் போட்ராதீங்க, அறுவட முடியற வரைக்கும் ரசீதோட சேத்து வச்சிருங்க, நாளைக்கு மொளைக்கலன்னு புகார் குடுக்கணும்னா அது ரெண்டும்தான் கேப்பாங்க.

விதை வாங்கிட்டு, அங்க இருந்த உதவிப் பேராசிரியர் ஒருத்தர்கிட்ட, சார், போன வருஷம் இப்டி ஆயிப்போச்சு, எப்ப வெதைக்கலாம்னு கேட்டேன். அவரு கையேட்ட பாத்து தேதி சொல்லிட்டு அனுப்பிருக்கலாம், பெரும்பாலும் அப்டித்தான் நடக்கும். இவரு, "எங்க தேதி வேற உங்க காடு வேற, இந்த பக்கம் மழை எப்டி பெஞ்சிருக்குன்னு நீங்களே பாக்குறீங்களா"ன்னு கேட்டு பின்னாடி ரூமுக்கு கூட்டிட்டு போனாரு. அந்த நிமிஷத்துக்காகவே அவருக்கு கடமைப்பட்டுருக்கேன்.

இரும்பு பீரோ மூணு. ஒன்னுல மழை நோட்டு, ஒன்னுல பயிர் சோதன நோட்டு, மூணாவது பூட்டு துருப்புடிச்சு தெறக்க வரல. மழை நோட்டு எல்லாம் நீளமான லெட்ஜர் மாதிரி, காலிகோ அட்டை, முதுகுல வருஷம் எழுதி ஒட்டிருக்கு. ஒரு பக்கத்துக்கு ஒரு மாசம். தேதி, மழை, அதிகபட்ச வெப்பம், கொறஞ்ச வெப்பம், கடைசில குறிப்புன்னு ஒரு கட்டம். ரொம்ப பழைய ரெண்டு நோட்டுல மழை அங்குலத்துலயும் சென்ட்லயும் இருக்கு, நூறு சென்ட் ஒரு அங்குலம், ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதுக்கு அப்புறம் எல்லாமே மில்லிமீட்டர்.

எங்க தாத்தா ஒரு நாட்குறிப்பு வச்சிருந்தாரு, பெரிசா ஒன்னும் இல்ல, பழைய பஞ்சாங்கத்து ஓரத்துல பென்சில்ல எழுதுனது. அதுல "குரோதி வருஷம் மார்கழி, புதங்கெழம ராத்திரி பூரா காத்தும் மழையும், சோளம் எல்லாம் சாஞ்சிருச்சு"ன்னு ஒரு வரி. குரோதின்னா போன தடவ வந்தது 1964-65, இப்ப 2024ல மறுபடி வந்துட்டு போச்சு, அறுபது வருஷ சுத்து. 1964 டிசம்பர்னா தனுஷ்கோடி அழிஞ்ச புயல், பாம்பன் ரயில் அலைல போன அந்த புயல், 22ஆம் தேதி ராத்திரி. அடுத்த நாள் ராத்திரி அந்த காத்து எங்க காட்டு வரைக்கும் வந்துருக்கு. அத தேடி நோட்ட பெரட்டுனேன். புதன் 23ஆம் தேதி. ஆனா நோட்டுல பெரிய மழை 24ஆம் தேதி கட்டத்துல இருக்கு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, தாத்தா கெழமைய மாத்தி எழுதிட்டாரோன்னு.

அப்ப அங்க மழைமானி பாக்குற அக்கா ஒருத்தங்க இருந்தாங்க, பண்ணைல ரொம்ப வருஷமா வேல பாக்குறவங்க. அவங்கதான், "ரெண்டும் சரிதான் தம்பி. நாங்க காலைல எட்டரைக்கு அளப்போம், நேத்து எட்டரைல இருந்து இன்னைக்கு எட்டரை வரைக்கும் பெஞ்சது இன்னைக்கு தேதில எழுதுவோம், புதன் ராத்திரி மழை வியாழன் கணக்குலதான் வரும்"னாங்க. எனக்கு கண்ணு கலங்கிருச்சு. எங்க தாத்தா கரிசக்காட்டு ஓரத்துல ஒக்காந்து எழுதுன ஒரு வரிக்கு, முப்பது மைலுக்கு அங்கிட்டு மொகம் தெரியாத ஒரு மனுஷன் மறுநாள் காலைல குடைய புடிச்சுட்டு போய் அளந்து எழுதுன எண் சாட்சி சொல்லுது.

அக்கா அளக்கறதையும் மறுநாள் காட்டுனாங்க, ரெண்டாவது தடவ நான் வெள்ளனயே போயிருந்தேன். மேல ஒரு புனல், உள்ள ஒரு பாட்டில், அத எடுத்து கோடு போட்ட கண்ணாடி ஜாடில ஊத்தி, ஜாடிய கண்ணு மட்டத்துக்கு தூக்கிப் புடிச்சு, தண்ணி நடுவுல குழிஞ்சு நிக்கும்ல அந்த குழியோட அடிய பாத்து படிக்கிறாங்க. ஓரத்த பாத்தா கூடக் காட்டும்னாங்க. அன்னைக்கு 4.2 மில்லிமீட்டர். மொதல்ல உள்ளங்கைல பேனால எழுதிக்கிட்டு அப்புறம் நோட்டுல எழுதறாங்க. ஞாயித்துக்கெழமையும் தீவாளியும் பொங்கலும் அளந்தாகணும், ஒரு நாள் விட்டா அந்த மாசக் கணக்கே கெட்டுப்போகும். மழை இல்லாத நாள் கட்டத்த சும்மா விடக்கூடாது, 0 போடணும், சும்மா விட்டா மழை இல்லையா ஆள் வரலையான்னு பின்னாடி வர்றவனுக்கு தெரியாது. இத அவங்களுக்கு சொல்லிக்குடுத்த பெரியவருக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்களோ, கை மாறி கை வந்துருக்கு.

2016 நோட்டு பாத்தேன். அந்த வருஷம் வடகிழக்கு பருவமழை தமிழ்நாடு பூரா வழக்கத்தவிட 62 சதவீதம் கம்மி, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பேப்பர்ல அது ஒரு சதவீதம். நோட்டுல பாத்தா ஐப்பசி கார்த்திகைல கட்டம் கட்டமா 0, 0, 0ன்னு கீழ வரைக்கும் எறங்குது, ஒரே கையெழுத்து. தெனமும் வந்து காலி பாட்டில தூக்கிப் பாத்துட்டு 0 எழுதிட்டு போயிருக்காங்க. எங்க வீட்ல அந்த வருஷம் ரெண்டு மாடு வித்தோம்.

இப்ப என் கேள்விக்கு வர்றேன். எனக்கு வேணும்னது மொத்த மழை எவ்ளோங்கறது இல்ல. நம்ம மாவட்டத்துக்கு வருஷ மழைல கிட்டத்தட்ட பாதி வடகிழக்கு பருவத்துல, அக்டோபர்தான் பெரிய மழை மாசம், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்கு வேணும்னது, செப்டம்பர்ல ஒரு நல்ல மழை பெஞ்சா அதுக்கு அடுத்த மழைக்கு எத்தன நாள் இடைவெளி விழுதுன்னு. அத சார் சொல்லிக்குடுத்தபடி ஒரு நோட்டுல வருஷா வருஷம் எழுதுனேன், முப்பது வருஷத்துக்கு, அங்க ஒக்காந்தே. மத்தியானம் ஆரம்பிச்சு அடுத்த தடவயும் போய் முடிச்சேன். அவங்க வருஷத்த 52 வாரமா பிரிச்சு வச்சிருக்காங்க, 38ஆவது வாரம்னா செப்டம்பர் 17ல இருந்து 23. நம்ம ஆளுக உத்தரம் அஸ்தம்னு சூரியன் நிக்கிற நட்சத்திர கணக்குல வெதைப்பாங்கல்ல, அதே மாதிரி அவங்களுக்கு வார எண்.

எழுதி முடிச்சப்பதான் போன வருஷம் எனக்கு நடந்தது அபூர்வம் இல்லங்கறது தெரிஞ்சுச்சு. புரட்டாசி முதல் மழை நம்ப வச்சு ஏமாத்துன வருஷம் அந்த முப்பதுல எத்தனையோ இருக்கு. எங்க ஊர்ல அதுக்கு ஏமாத்து மழைன்னே பேரு, பெருசுக சொல்லிருக்காங்க, நாந்தான் கேக்கல.

சார் சொன்னது இதுதான். சோளத்த மழைக்கு முன்னாடியே காஞ்ச மண்ணுல வெதைக்கலாம், ஆனா ரெண்டு அங்குல ஆழத்துல போகணும், அப்பதான் லேசான தூறலுக்கு மொளைக்காது, மண்ணு நல்லா நனையற மழைக்குத்தான் மொளைக்கும். கோவில்பட்டி பக்கம் கரிசலுக்கு செப்டம்பர் மூணாவது நாலாவது வாரம் இப்டி சோளம் வெதைக்கச் சொல்லி ரொம்ப வருஷமா பரிந்துர இருக்கு. அதுக்கு முன்னாடி பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் ரெண்டு சதவீத கரைசல்ல, அதாவது லிட்டருக்கு 20 கிராம், விதைய ஆறு மணி நேரம் ஊற வச்சு நெழல்ல பழைய ஈரத்துக்கே காய வச்சு வெதைக்கணும், வறட்சிய தாங்கும். வெயில்ல காய வச்சுறாதீங்க. குதிரைவாலி அப்டி இல்ல, கடுகு மாதிரி விதை, ஆழத்துல போட்டா மேல வராது, மேலாப்புல போட்டா தூறலுக்கே மொளச்சு காயும், போன வருஷம் எனக்கு ஆன மாதிரி. அதனால குதிரைவாலிய பருவமழை எறங்குற வரைக்கும் கைல வச்சுக்கறது, சோளத்த முந்தி போட்டுர்றது. இத கையேட்டுலயும் படிச்சிருக்கலாம். ஆனா முப்பது வருஷத்த கையால எழுதிப் பாத்தப்பறம் ஆழம் ஏன் முக்கியம்னு மனசுல எறங்குன மாதிரி எந்த கையேடும் எறக்காது.

இந்த மாதிரி நிலையங்களோட பின்கதை கொஞ்சம் சொல்றேன், ஏன்னா ரக பேர்லயே அது ஒட்டிருக்கு, நாமதான் கவனிக்கறதில்ல. நம்ம வேளாண் பல்கலைக்கழகத்தோட வேரு 1868ல சைதாப்பேட்டைல ஆரம்பிச்ச வேளாண் பள்ளி, அது 1906ல கோயம்புத்தூர் போச்சு, பல்கலைக்கழகம் ஆனது 1971. கோவில்பட்டி நிலையம் 1901ல வந்தது, கரிசல் பருத்திக்கும் சோளத்துக்கும் அதுதான் தாய்வீடு. ஆடுதுறை 1922. நம்ம ஒத்தக்கடை கல்லூரி யானைமலை அடிவாரத்துல 1965ல வந்தது. ஏடிடின்னா ஆடுதுறை, ஏஎஸ்டின்னா அம்பாசமுத்திரம், கடைல அம்பை 16ன்னு சொல்றது ஏஎஸ்டி 16தான். பிகேஎம்னா பெரியகுளம், ஊரு பூரா வச்சிருக்கற பிகேஎம் 1 செடிமுருங்க அங்கருந்து 1989ல வந்தது. பிஎம்கேன்னா பரமக்குடி, வறட்சி நெல்லுக்கு பேர் போன எடம். எம்டியுன்னா மதுரை. கேன்னு மட்டும் இருந்தா கோவில்பட்டி, நான் இந்த வருஷம் போடப்போற கே 12 சோளம் அங்கத்து ரகம். அந்தக் காலத்துல ஊர் பேர் கூட இல்ல, 1921ல வந்த ஜிஇபி 24 நெல்லுக்கு அத வெளியிட்ட அரசு தாவரவியல் அதிகாரியோட பதவிப் பேரு, கவர்மென்ட் எக்கனாமிக் பொட்டானிஸ்ட், அதோட முதலெழுத்த வச்சுட்டாங்க. கிச்சிலி சம்பான்னு ஊர்ல சொல்றது அதுதான்.

ரெண்டாவது பீரோல இருக்கற பயிர் நோட்டுகள அரை மணி நேரம்தான் பாக்க முடிஞ்சுது. ஒரு செடிக்கு ஒரு எண், அது எந்த அப்பன் எந்த ஆத்தாளுக்கு பொறந்தது, எத்தனாவது தலமொற, எந்த வரிசைல நின்னுச்சு, எத்தன நாள்ல பூத்துச்சு, நோய் விழுந்துச்சான்னு வரி வரியா. ஒரு ரகம் வெளிய வர ஆறேழு தலமொற தேர்வு பண்ணி, அப்புறம் பல ஊர்ல போட்டு பாத்து, கடைசில சம்சாரி காட்டுலயே போட்டு பாத்து, பத்து வருஷத்துக்கு மேல கூட ஆகும். தள்ளிவிட்ட செடியும் நோட்டுல இருக்கு, ஏன் தள்ளுனோம்னு காரணத்தோட. இது எனக்கு ரொம்ப பெரிய விஷயமா பட்டுச்சு. ஜெயிச்சதுக்கு ஒரு பேரு, தோத்தது ஆயிரம், அந்த ஆயிரத்துக்கும் கணக்கு இருக்கு.

மதுரைல உருவான எம்டியு 1 புடலைக்கு அப்பன் ஆத்தா யாருன்னு சார் சொன்னாரு, பன்றிப்புடலையும், மேலூர் பக்கத்து தனியாமங்கலத்துல இருந்து எடுத்த ஒரு தேர்வும். தனியாமங்கலம் எங்க சின்னம்மாவ கட்டிக்குடுத்த ஊரு. யாரோ ஒரு வீட்டுக் கொல்லைல பந்தல் போட்டு, வருஷா வருஷம் நல்ல காய விதைக்கு விட்டு, சாம்பல்ல பெரட்டி பானைல கட்டி வச்ச விதை. ஊர் பேர் நின்னுருச்சு, விதைய காப்பாத்துன அந்த வீட்டு ஆளோட பேர நான் எங்கயும் பாக்கல. நிலையம் வச்சிருக்கற எந்த குறைய விடவும் இது எனக்கு உறுத்துச்சு. இனிமேலாவது விதை குடுக்கற சம்சாரி பேர நோட்டுல எழுதுங்கன்னு சார்கிட்ட சொன்னேன், அவரும் தலைய ஆட்டுனாரு.

இப்ப குறை. ஸ்டாக் விஷயம் மேலயே சொல்லிட்டேன். அத விட பெருசு அந்த ரூம்தான். சன்னல் கண்ணாடி ஒன்னு ஒடஞ்சு அட்ட வச்சு மறச்சிருக்கு, சாரல் அடிச்சா பீரோ கால் நனையும். நோட்டுகள்ல ராமபாணப் பூச்சி, ஒரு வருஷத்து நோட்ட தெறந்தா பக்கம் சல்லட மாதிரி, ஆகஸ்ட் மாசம் பூரா எண்ணே இல்ல, ஓட்டைதான். போன மழை அளந்தாச்சு, எழுதியாச்சு, காப்பாத்தல. எந்த நோட்டு எங்க இருக்குன்னு ஒரு பட்டியல் கெடையாது. கம்ப்யூட்டர்ல ஏத்திருக்கறது சமீப வருஷங்கதானாம். அந்த மூணாவது பீரோல என்ன இருக்குன்னு கேட்டேன், இப்ப இருக்கற ஒருத்தருக்கும் தெரியல. வேலைல இருக்கறவங்கள நான் குத்தம் சொல்லல, மூணு ஆள் வேலைய ஒரு ஆள் பாக்குறாங்க, கண்ணால பாத்தேன். ஆனா ஒரு பூட்ட ஒடச்சு தெறக்கவும், நாலு பேர ஒரு மாசம் ஒக்கார வச்சு பக்கத்துக்கு பக்கம் போட்டோ எடுக்கவும் எவ்ளோ ஆயிரும். ஒரு வருஷத்து மழைய மறுபடி அளக்கவே முடியாது.

எங்க தாலுகா ஆபீஸ்ல தாத்தா காலத்து அடங்கல், அதான் எந்த காட்டுல என்ன பயிர்னு எழுதுற வருவாய்த்துறை பதிவு, கேட்டு போன அனுபவமும் உண்டு, அது பசலிங்கற வருவாய்த்துறை ஆண்டுக் கணக்குல இருக்கும், பசலி 1374னா 1964 ஜூலைல இருந்து 65 ஜூன் வரை, 590ஐ கூட்டிக்கணும். அங்க கெடச்சது அலைச்சல்தான். அதோட பாத்தா இந்த நிலையத்துல மரியாதையா நடத்துனாங்க, நாற்காலி போட்டாங்க, டீ வாங்கிக் குடுத்தாங்க, எதுக்கு கேக்குறன்னு ஒரு தடவதான் கேட்டாங்க.

போறவங்களுக்கு சில விஷயம். திங்கள்கெழம போகாதீங்க, கூட்டம். விதைக்கு மட்டும்னா காலைல பத்துக்கு போய் நின்னுருங்க, ஸ்டாக் எவ்ளோன்னு போன்ல கேக்கும்போது எனக்கு இத்தன கிலோ எடுத்து வைங்கன்னு பேரோட சொல்லிருங்க. நோட்டு பாக்கணும்னா ஒரு வெள்ளத்தாள்ல மனு எழுதிட்டு போங்க, என்ன வருஷம், எதுக்குன்னு ரெண்டு வரி போதும். ஜெராக்ஸ் எடுக்க விடல, கையால எழுதிக்கலாம், பென்சில் கொண்டு போங்க, பழைய பக்கத்து மேல பேனா மை சிந்திறக்கூடாது. பக்கத்த எச்சி தொட்டு பெரட்டாதீங்க. பெரியவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு போங்க, ஒரு வருஷத்து பக்கத்த தெறந்து வச்சுட்டு பக்கத்துல அவங்கள பேச விட்டு பாருங்க.

விதைக்கு அஞ்சுக்கு நாலு, ஸ்டாக் சொல்ற முறைக்கு ரெண்டு, அந்த ரூம பாத்துக்கற விதத்துக்கு ஒன்னு, அக்காவுக்கும் சாருக்கும் அஞ்சு.

சோளம் ஒன்ற ஏக்கர் ரெண்டு அங்குல ஆழத்துல போட்டாச்சு, நேத்து ஒரு தூறல் விழுந்துச்சு, இன்னைக்கு காலைல போய் மண்ண கிண்டிப் பாத்தேன், விதை அப்டியே காஞ்சு முழுசா கெடக்கு. குதிரைவாலி மூட்ட வீட்ல பரண் மேல இருக்கு. ஐப்பசி பொறந்தப்பறம் என்னாச்சுன்னு இங்கயே கீழ வந்து எழுதுறேன்.